ரெட்டைப்புள்ளி வீட்டுக் கால்சட்டை

சிங்கப்பூர்ல இருக்கிற என் மூத்த பிள்ளைக்கு, பினாங்குல ஆத்தோரத்து டோபிக் கொட்டாயில இருந்து ஒங்கப்பன் பேசறேன். பேசறது நானு, எழுதறது ஒன் தங்கச்சி செல்லம்மா. எனக்கு எழுத்து வராதுன்னு ஒனக்குத் தெரியாததா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் துணியில போடுற புள்ளியும் கோடுந்தான். ஒங்கம்மா மீன் வாங்க ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் போயிருக்கா. அவ ஒவ்வொரு மீனோட செவுளையும் தொறந்து பாத்து, மீன்காரன்கிட்ட ஒரு சண்டை போட்டு, வழியில பாக்கிறவங்க வீட்டுக் கதையெல்லாம் கேட்டுட்டு வர்றதுக்குள்ள வெயில் நல்லா ஏறிடும். அதுக்குள்ள நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடணும். ஒங்கம்மா முன்னால சொல்றதுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரல தம்பி.

ஒன் கடுதாசி வந்துச்சு. கல்யாணத்துக்கு நாள் குறிச்சது சந்தோசம். கடைசியில நீ எழுதியிருந்ததைத்தான் செல்லம்மாவை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். "கல்யாணத்தன்னிக்கு யாரும் கிரிக்கெட்டு பத்தி வாயே தொறக்க வேணாம். பொண்ணு வீட்டுக்கு நான் ஹார்பர்ல கணக்கு எழுதுற கிராணின்னு தெரிஞ்சாப் போதும். கைக்கு வந்த பந்தைக் கீழ விட்டு டீமுல எடம் போனவன்னு தெரிய வேணாம்" அப்படின்னு எழுதியிருக்கே. செல்லம்மா படிச்சுட்டு, "அண்ணே இன்னும் அந்தக் கேட்சையே நெனச்சிட்டிருக்கு பாருங்கப்பா"ன்னு சொன்னா. நான் எழுந்து போய் கல்லுல நின்னுக்கிட்டு, ஏற்கெனவே தொவச்ச துணியவே திருப்பித் தொவச்சேன். ஏன்னு இப்பச் சொல்றேன். கொஞ்சம் சுத்தி வருவேன், கோவிச்சுக்காதே. எனக்கு நேராப் பேச வராது.

நீ எப்படி ஆட ஆரம்பிச்சேன்னு மொதல்ல சொல்லணும். ஒனக்கே அது சரியா நெனவிருக்காது. அப்ப ஒனக்கு ஏழோ எட்டோ வயசு. நம்ம கொட்டாய்க்குப் பின்னால கொடிக்கயிறு வரிசையா கட்டியிருக்கும்ல, பெரிய வீட்டுப் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சட்டை எல்லாம் காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டு இருக்கும். அந்த நடுச்சந்துலதான் ஒனக்கு வெளையாட எடம். ஒடஞ்ச சோப்புப் பெட்டியில ஒரு பலகையைப் பேத்து எடுத்துக்கிட்டே. பந்து யாரோ எஸ்டேட்டுல இருந்து கொண்டாந்த ரப்பர் பாலை உருட்டிச் செஞ்சது, அது குதிச்சா கூரைக்கு மேல போகும். ஒங்கம்மா சட்டம் போட்டா: "துணியில பந்து பட்டா நீதான் திருப்பித் தொவச்சுக் காயப்போடணும்." மொதல் மாசம் நீ தொவச்ச விரிப்புக்குக் கணக்கே இல்ல. அழுதுக்கிட்டே தொவைப்பே. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பந்து மேல எழும்பறது நின்னுச்சு. எவ்வளவு வேகமா வந்தாலும் தரையோட தரையா, ரெண்டு விரிப்புக்கும் நடுவுல, பாம்பு போற மாதிரி போகும். ஒரு துணியும் அசையாது.

பின்னால நீ பெரிய பாடாங்கு மைதானத்துல ஆடுறப்போ, கயித்துக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்த ஒரு செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை என்கிட்டயே கேட்டாரு. "ஏம்ப்பா, இந்தப் பையன் பந்தைத் தூக்கியே அடிக்க மாட்டேங்கிறானே, பத்து ஆளு நிக்கிறாங்க, நடுவுல எங்க சந்து இருக்குன்னு இவனுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" நான் சொன்னேன், "அவனுக்கு ஆளெல்லாம் காயப்போட்ட துணி மாதிரிங்க." அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டுத் தள்ளிப் போய் நின்னுக்கிட்டாரு. எனக்குக் கிறுக்குன்னு நெனச்சிருப்பாரு லா.

சரி, கால்சட்டைக்கு வர்றேன். நம்ம தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லா டோபியும் செய்வாங்க. வெளுக்க வந்த துணியை ஒரு நாளைக்கு எரவல் கொடுக்கறது. கல்யாணமா, போட்டோவா, வேலைக்கு ஆளு கேக்கறாங்களா, கோட்டு இல்லாதவனுக்கு ஒரு கோட்டு. மறுபடி தொவச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, சொன்ன நாளுக்கு வீட்டுல கொடுத்துட்டா யாருக்குத் தெரியப் போகுது? எதிர்க்கல்லு மாரிமுத்து அண்ணன் ஒரு தடவை வக்கீலோட கருப்புக் கோட்டை ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுத்துட்டாரு. அந்த மாப்பிள்ளை சூலியா ஸ்ட்ரீட்டுல போட்டோ பிடிச்சான். போட்டோக்காரன் அதை நல்லாருக்குன்னு கண்ணாடியில மாட்டி வச்சுட்டான். வக்கீலு அந்த வழியா ரிக்சாவுல போனவரு, "நிறுத்து நிறுத்து, இது என் கோட்டு!"ன்னு ரோட்டுல கத்துனாராம். மாரிமுத்து அண்ணன் ஒரு வாரம் வயித்துவலின்னு வெளிய வரவே இல்ல.

நீ மொதமொத பாடாங்குல ஆடுனப்போ போட்டிருந்த வெள்ளைக் கால்சட்டை பல்லு டாக்டரோடது. அவரு ஒன்னைப் போல ரெண்டு ஆளு. ஒங்கம்மா இடுப்புல மடிச்சு மடிச்சு ஒரு கயித்தைப் போட்டுக் கட்டிவிட்டா. நான் ஒன் காதுல சொல்லி அனுப்புனது ஒண்ணே ஒண்ணுதான்: "விழுந்து பொரளாதே தம்பி. அழுக்கு போயிடும், புல்லுக்கறை போகாது." பச்சைக்கறை பிளானல் துணியில ஏறுச்சுன்னா எலுமிச்சம்பழம் தேச்சு வெயில்ல போட்டாலும் மஞ்சளா ஒரு நெழலு நிக்கும். அதை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன். நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் சுத்தமாவே திரும்பி வந்தே. அப்ப எனக்கு அது பெருமையா இருந்துச்சு. பந்துக்குப் பாஞ்சு விழுறவங்களைப் பாத்து, இவனுங்க வீட்டு டோபி பாவம்னு நெனப்பேன். என் புள்ளையோட ஆட்டத்துல ஒரு கையை நானே கட்டிப்போட்டுட்டேன்னு தெரியல.

அப்புறம் நீ வளந்தே. பினாங்கு டீமு, அப்புறம் சிங்கப்பூர் போய் ஆடுனே, அப்புறம் அந்த வருசம் மலாயா டீமுன்னு சொல்லி ஹாங்காங்குக்குக் கப்பல்ல போறதுக்கு ஒன் பேரும் வந்துச்சு. டோபி மகன் பேரு. ஆத்தோரத்துல இருக்கிற அத்தனை கல்லுலயும் அன்னிக்கு யாரும் தொவைக்கல. மாரிமுத்து அண்ணன் ஒன்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு ஆத்துலயே எறங்கிட்டாரு. ஒனக்கு ஒரு தொப்பி கொடுத்தாங்க. ஒங்கம்மா அதைத் தலையில வைக்காம சாமிப் படத்துக்கிட்ட வச்சா.

ரெண்டு கால்சட்டையாவது வேணும்னு சொல்லியிருந்தாங்க. ஒண்ணு நீ ஹார்பர்ல வேலைக்குச் சேந்தப்போ தச்சது. இன்னொண்ணு தைக்கக் காசு இல்லாம இல்ல தம்பி. இதைத்தான் நான் இத்தனை நாளா எனக்கே வேற மாதிரி சொல்லிக்கிட்டிருந்தேன். நெசம் என்னன்னா, எனக்கு ஆசை. நம்மூரு தையக்காரன் தச்சது முட்டியில தொங்கும். சீமையில தச்சது நின்னா ஒரு மடிப்பு, நடந்தா ஒரு மடிப்புன்னு விழும். ஆயிரம் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? ஹாங்காங் மைதானத்துல பதினோரு பேரு வரிசையா நிக்கிறப்போ, எது டோபி மகனோட காலுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஆசைப்பட்டேன்.

ரெட்டைப்புள்ளி வீட்டை ஒனக்குத் தெரியும். ஒரே பங்களாவுல ரெண்டு தொரைங்க, கல்யாணம் ஆகாதவங்க. ஒரு வீட்டுக்கு ஒரு குறிதானே, சேங்கொட்டை மையில ரெண்டு பேரு துணிக்கும் உள்பட்டியில ரெட்டைப்புள்ளிதான் போடுவேன். அதுல ஒருத்தருதான் ஒங்க டீமுக்குத் தலைவரு. இன்னொருத்தரு ஆறு மாச லீவுல சீமைக்குப் போயிருந்தாரு. அவரு ஒன் ஒசரம். அவரோட கால்சட்டை ஒண்ணு என்கிட்டயே தங்கிடுச்சு. நீ வேணாம்னுதான் சொன்னே. "ஒண்ணு போதும்ப்பா, சாயங்காலம் நானே தொவச்சுப் போட்டுக்கறேன்"ன்னே. நான்தான், "மலாயா டீமு ஆளு ஈரக் கால்சட்டையோட நிக்கிறதா?"ன்னு திட்டிப் பெட்டியில வச்சேன். வைக்கிறப்போகூடச் சொன்னேன், புல்லுக்கறை பத்திரம்னு.

எல்லாத்தையும் யோசிச்சேன் தம்பி. அந்தத் தொரை ஆறு மாசம் வரமாட்டாரு. தலைவரு தொரை அடுத்தவன் இடுப்புப்பட்டிக்குள்ள எட்டிப் பாக்க மாட்டாரு. சேங்கொட்டைக் குறி என்ன செஞ்சாலும் போகாது, ஆனா அதை யாரு பாக்கப் போறா? ஹாங்காங்லயும் ஒரு டோபி இருப்பான்னு மட்டும் யோசிக்கல. அங்க ஒரு சீனன், என்னை மாதிரியே ஒரு தொழில்காரன், டீமுத் துணியெல்லாம் ஒட்டுக்கா வெளுத்து, குறி பாத்துப் பிரிச்சிருக்கான். ரெட்டைப்புள்ளி போட்டதெல்லாம் ஒரே கட்டு. அந்தக் கட்டு நேரா தலைவரு தொரை ரூமுக்குப் போயிடுச்சு. அவன் செஞ்சது தப்பே இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்.

நீ திரும்பி வந்தப்போ பெட்டியில ஒண்ணுதான் இருந்துச்சு. "இன்னொண்ணு எங்க தம்பி?"ன்னேன். "கப்பல்ல காயப்போட்டேன், காத்து அடிச்சுக் கடல்ல போயிடுச்சுப்பா"ன்னே. நம்புனேன். பத்து நாள் கழிச்சு, நீ வேலைக்குப் போன நேரம், தலைவரு தொரையோட மோட்டார் கெரெத்தா நம்ம கொட்டாய் வாசல்ல வந்து நின்னுச்சு. தொரை எறங்கி, சேத்துல கால வச்சு என் கல்லு வரைக்கும் வந்தாரு. கையில காகிதப் பொட்டலம். பிரிச்சா அந்தக் கால்சட்டை. பட்டியைத் திருப்பி ரெட்டைப்புள்ளியைக் காமிச்சாரு. அவரு கோவப்படல. மலாய்லதான் கேட்டாரு, "சியாப்பா அம்பில்? யாரு எடுத்தது?"ன்னு.

செல்லம்மா இப்பவே பேனாவைக் கீழ வச்சுட்டா. எழுதும்மா, நிறுத்தாதே.

எனக்கு அந்த நிமிசம் என்ன தோணுச்சுன்னு சொன்னா நீ நம்புவியோ என்னவோ. எரவல் கொடுக்கிற டோபின்னு பேரு வந்தா என் வீடெல்லாம் போயிடும்னு தோணுச்சு. என் கல்லு மட்டும் இல்ல, அத்தனை கல்லுக்கும் கெட்ட பேருன்னு தோணுச்சு. ஒன் நெனப்பு கடைசியிலதான் வந்துச்சு. அது வர்றதுக்குள்ள வாய் சொல்லிடுச்சு. "என் மகன் எடுத்துட்டான் தொரை. எனக்குத் தெரியாது."

தொரை கால்சட்டையை மடிச்சுப் பொட்டலத்துல திருப்பி வச்சாரு. அப்புறம், "போலீசுக்குப் போக மாட்டேன். ஆனா இனிமே அவன் என் டீமுல ஆட முடியாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒங்கம்மா ஓடிவந்து, "தொரை எதுக்கு இங்க வரைக்கும் வந்தாரு?"ன்னு கேட்டா. "கஞ்சி பத்தலையாம்"னேன்.

அடுத்த வருசம் பேரு போட்டாங்க, ஒன் பேரு இல்ல. சோத்துத் தட்டு முன்னால உக்காந்துக்கிட்டு நீயே சொன்னே, "ஹாங்காங்ல அந்தக் கேட்சை விட்டேன்லப்பா, அதான்." முன்னால தாழ்வா வந்துச்சாம், விழுந்திருந்தா புடிச்சிருக்கலாமாம். நீ விழல. ஏன் விழலன்னு எனக்குத் தெரியும், அன்னிக்கு நீ எந்தக் கால்சட்டை போட்டிருந்தேன்னும் எனக்குத் தெரியும். ஆனா நீயே ஒரு காரணம் சொல்லிட்டியே, நான் அதுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அந்தப் பந்தை அடிச்சவனை ஒங்கம்மா எட்டு வருசமா திட்டிக்கிட்டிருக்கா. எவனோ ஒரு ஹாங்காங்காரன், ஒண்ணும் தெரியாதவன், வெள்ளிக்கிழமை வெளக்கேத்துறப்போ எல்லாம் அவனுக்கு ஒரு சாபம். நான் பக்கத்துல கையைக் கும்பிட்டுக்கிட்டு நிப்பேன்.

இப்ப விசயத்துக்கு வந்துட்டேன். தலைவரு தொரை வேலை முடிஞ்சு சீமைக்கே போறாரு, ஒரேயடியா. போன வாரம் கடைசிக் கட்டு துணி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன் கடுதாசி மடியில இருந்துச்சு. சாமான் பெட்டியெல்லாம் ஆணி அடிச்சு வச்சிருந்தாங்க. தொரைக்கும் தலை நரைச்சுப் போச்சு. நான் நின்னேன். "என்ன, காசு கொடுத்தாச்சே?"ன்னாரு. "காசு இல்ல தொரை. அந்தக் கால்சட்டை. நான்தான் கொடுத்தேன். என் புள்ளை வேணாம்னான். நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்"னேன்.

தொரை நாக்காலியில உக்காந்துட்டாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. "ஒன் மகனை நான் கப்பல்லயே கேட்டேன். 'நான்தான் எடுத்தேன், எங்கப்பாவுக்குத் தெரியாது'ன்னான். நான் நம்பல. டோபிக்குத் தெரியாம அவன் வீட்டுல இருந்து ஒரு கைக்குட்டை வெளிய போகுமா? இவன் அப்பனைக் காப்பாத்தறான்னு தோணுச்சு. அதான் ஒன்கிட்ட வந்தேன். நீ 'நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சிரிச்சுட்டுப் போயிருப்பேன். நீயும் அவன் சொன்னதையே சொன்னே. அப்புறம் நான் எப்படி நம்பாம இருக்க முடியும்?"

எனக்கு ஒரு கேள்வி வாய் வரைக்கும் வந்துச்சு. ஒரு கால்சட்டைக்காக ஒரு புள்ளையோட ஆட்டத்தையே நிறுத்துவீங்களா, ஒங்க வீட்டுப் புள்ளைன்னா நிறுத்தியிருப்பீங்களான்னு. கேக்கல. கேக்கிற எடத்துல நான் இல்ல. "அப்ப அந்தக் கேட்சுக்காக இல்லையா தொரை?"ன்னு மட்டும் கேட்டேன். "எந்தக் கேட்ச்?"னாரு. நெசமாவே யோசிச்சாரு தம்பி, நெத்தியைத் தடவிக்கிட்டு. "அந்த ஆட்டத்துல நானே ரெண்டு விட்டேனே"ன்னாரு.

அங்க இருந்து நடந்தே வந்தேன். கைவண்டியை அங்கயே மறந்து விட்டுட்டு வந்து, மறுநாள் போய் எடுத்தேன். வழியெல்லாம் ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. கால்சட்டையாலதான் ஆட்டம் போச்சுன்னு ஒனக்குத் தெரியும். எட்டு வருசமா தெரியும். ஏன் நிறுத்துனாங்கன்னு நான் கேட்டுடக் கூடாதுன்னுதான் நீ அந்தக் கேட்சைக் கொண்டாந்து எங்க முன்னால போட்டே. அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி இப்ப நீயே அதை நம்ப ஆரம்பிச்சுட்டே போல. நீ சொன்ன பொய்யும் எனக்காக. நான் சொன்ன பொய்யும் எனக்காக. ஒனக்காக ஒரு ஆளும் பேசல தம்பி. ஒன்னைப் பெத்தவன் நான், நானும் பேசல.

மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. எழுதச் சொன்னாலும் செல்லம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருக்கா, எழுத்து கலைஞ்சிடும். ஒண்ணு மட்டும் கேக்கறேன். வர்ற பொண்ணுகிட்ட இந்தக் கதையை மொத்தமாச் சொல்லிடு. அவளைக் காப்பாத்தறதுக்குன்னு நீயும், ஒன்னைக் காப்பாத்தறதுக்குன்னு அவளும், ஆளுக்கொண்ணு மறைச்சு வச்சுக்கிட்டுச் சோறு தின்னாதீங்க. அந்தச் சோறு எப்படி எறங்கும்னு எனக்குத் தெரியும். மாமனார் பொய் சொன்னவருன்னு அவளுக்குத் தெரியட்டும். புருசன் மலாயாவுக்கு ஆடுனவன்னும் தெரியட்டும். கல்யாணத்தன்னிக்கு நான் பேசத்தான் போறேன். எல்லாரும் கேக்க, கொடிக்கயித்துல இருந்து ஆரம்பிச்சுக் கால்சட்டை வரைக்கும் பேசுவேன். அந்தத் தொப்பியையும் கொண்டு வர்றேன்.

ஒங்கம்மா வந்துட்டா. நாங்க ரெண்டு பேரும் ஒக்காந்திருக்கிற கோலத்தைப் பாத்துட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு கூடையைப் போட்டுட்டா. செல்லம்மாவைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். முழுசும் கேட்டா. மீனைப் பூனை இழுத்துட்டுப் போறதைக்கூடப் பாக்கல. அப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, செல்லம்மாகிட்டதான் சொன்னா: "அந்த ஹாங்காங்காரன் புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்னு எழுது." எழுதியாச்சு. எனக்கு இன்னிக்குச் சோறு கெடைக்குமான்னு தெரியல.

இந்தக் கடுதாசியோட ஒரு பொட்டலம் வருது. வெள்ளைக் கால்சட்டை. பினாங் ஸ்ட்ரீட்டுத் தையக்காரன் தச்சது, முட்டியில கொஞ்சம் தொங்கும். ஞாயித்துக்கிழமை அங்க எங்கயாவது சும்மா ஆடுறாங்கன்னா போய் ஆடு. ஒன் வயசுக்கு இன்னும் ஆடலாம். விழு தம்பி, நல்லா விழு, பொரளு. கறை ஆனா ஆகட்டும். நம்ம வீட்டுத் துணிக்கு நான் எப்பவும் குறி போட்டதில்ல, ஊராரு துணிக்குத்தான் குறி. இப்ப நீ தனி வீடு ஆகப் போறே, ஒனக்கும் ஒரு குறி வேணும். போடறதுக்கு ரொம்பச் சுளுவான குறி ஒண்ணு எட்டு வருசமா என் கையிலயே இருக்கு, எத்தனையோ புது வீடு வந்தும் அதை யாருக்கும் கொடுக்கல. கொடுக்க மனசு வரல. ஒன் கால்சட்டையில உள்பட்டியைத் திருப்பிப் பாரு. கிரிக்கெட்டுல நடுவாங்களே, அந்த மூணு குச்சி நட்டமா, அதுக்கு மேல ரெண்டு புள்ளி. சேங்கொட்டை மை, என்ன செஞ்சாலும் போகாது.